தாய்மாமனும் நிலக்கரியும்

என் கணவரும் என் தம்பியும் வாழ்நாளில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. கணவர் லண்டன் சுரங்க ரயில் நிலையமொன்றில் டிக்கெட் கொடுப்பவர். தம்பி டூட்டிங்கில் மரக்கறிக் கடை வைத்திருப்பவன். இருந்தும், மனோர் பார்க்கில் எங்கள் வீட்டுச் சோபாவில் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் இருத்தி, கையில் தேநீரைக் கொடுத்துவிட்டுக் குசினிக்குப் போய்த் திரும்பினால் போதும், நிலக்கரியில் வந்து நிற்பார்கள். பேச்சு எங்கே தொடங்கினாலும் சரி. பல்லுவலியில் தொடங்கும், பல் வைத்தியரிடம் இடம் கிடைக்கவில்லை என்று போகும், இலவச வைத்தியத்தைக் கொண்டுவந்தது யார், கெடுத்தது யார் என்று திரும்பும், பிறகு ரயில், தண்ணீர், மின்சாரம், கடைசியில் நிலக்கரி. இருபது வருடமாக நான் கேட்கிறேன். என் தலைமயிர் நரைத்ததற்கு வயது காரணமில்லை.

எங்கள் வீட்டில் இந்த நாட்டுக் கட்சிகளுக்குப் பெயர் கிடையாது. தொழிலாளர் பக்கம் சிவப்பு, முதலாளிமார் பக்கம் நீலம், அவ்வளவுதான். கணவர் சிவப்பு. எழுபதுகளின் தொடக்கத்தில் கணக்கியல் படிக்க வந்து, பிளேஸ்டோவில் ஓர் அறையில் இருந்து, மின்வெட்டில் மெழுகுதிரி வைத்துப் படித்து, சோதனையில் தவறி, ரயிலில் வேலைக்குச் சேர்ந்து, தொழிற்சங்கத்தில் உறுப்பினரானவர். தம்பி நீலம். எண்பதுகளின் நடுவில் அகதியாக வந்து, பெட்ரோல் நிலையத்தில் நின்று, கடை எடுத்தவன். எண்பதுகளில் நாட்டை ஆண்ட பெண்மணியை இருவருமே 'அந்த மனுசி' என்றுதான் சொல்வார்கள். சொல்லும் விதந்தான் வேறு. தம்பி சொன்னால் கோயிலில் நிற்பதுபோல இருக்கும். கணவர் சொன்னால் வாசலில் யாரோ எச்சில் துப்பிவிட்டுப் போனதுபோல இருக்கும்.

"அந்த மனுசி வந்திராட்டி இந்த நாடு எப்பவோ முடிஞ்சிருக்கும், அத்தான். அதுக்கு முதல் விளக்கும் எரியேல்லை, குப்பையும் அள்ளேல்லை, செத்தவனைப் புதைக்கவும் ஆளில்லை. உங்கடை சிவப்பு ஆண்ட லட்சணம்."

"விளக்கு நூந்தது ஆற்றை காலத்திலை? நிலக்கரி இல்லையெண்டு கிழமைக்கு மூண்டு நாள்தான் வேலை, 'மூண்டு நாள் வேலைக்கிழமை' எண்டு அறிவிச்சது ஆர்? நீலம்! நான் இஞ்சை இருந்தனான். நீ அப்ப ஊரிலை காற்சட்டையோடை திரிஞ்சனி."

நியாயமாகப் பார்த்தால் விளக்கு விஷயத்தில் கணவர் சொல்வது சரி. குப்பை விஷயத்தில் தம்பி சொல்வது சரி. இரண்டும் வேறு வேறு வருடங்கள், வேறு வேறு ஆட்சிகள். இதை ஒருநாள் நானே சொல்லிப் பார்த்தேன். இருவரும் ஒன்றாகத் திரும்பி, இவள் ஏன் இதற்குள் வருகிறாள் என்பதுபோல என்னைப் பார்த்தார்கள். அன்றைக்குத்தான் அவர்கள் முதன்முதலாக ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். நான் வடை பொரிக்கப் போய்விட்டேன்.

கேட்கவேண்டாம் என்றாலும் காதில் விழுந்தது தலைக்குள் தங்கிவிடுகிறது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின் சிவப்பு நிலக்கரியையும் ரயிலையும் அரசுடைமையாக்கியது, பிறகு வந்த நீலமும் அதைப் பெரிதாகக் குழப்பாமல் போட்டி போட்டு வீடு கட்டிக் கொடுத்தது, மறுபடி வந்த சிவப்பு பவுண் நாணயத்தின் மதிப்பை இறக்கியது, வெளிநாட்டில் கடனுக்குப் போய் நின்றது, எல்லாம் எனக்குத் தெரியும். உருக்கு ஆலைகளைச் சிவப்பு எடுத்தது. நீலம் திருப்பிக் கொடுத்தது. சிவப்பு மறுபடி எடுத்தது. அந்த மனுசி மறுபடி விற்றார். எங்கள் வீட்டு இடியப்ப உரல்கூட எனக்கும் தம்பியின் பெண்சாதி மச்சாளுக்கும் இடையில் இத்தனை தரம் போய்வந்ததில்லை. வாங்கப் போகும் உப்பை மறந்துவிட்டு வருகிறேன். உருக்கு ஆலைக்கு நடந்தது மறக்கமாட்டேன் என்கிறது.

இதில் எனக்குப் பெரிய எரிச்சல் என்னவென்றால், இருவரின் வளர்ப்பும் அவர்களுடைய வாதத்துக்கு நேர் எதிர். எங்கள் அப்பா மிளகாயும் வெங்காயமும் பயிர் செய்தவர். ஊரில் எழுபதுகளில் அரசாங்கம் இறக்குமதியை நிறுத்தியபோது யாழ்ப்பாணத்து மிளகாய்க்கு விலை ஏறியது. அந்தக் காசில்தான் எங்கள் வீட்டுக்குக் கல்சுவர் வந்தது, தம்பிக்குச் சைக்கிள் வந்தது. பிறகு வேறு அரசு வந்து இறக்குமதிக்குக் கதவைத் திறந்துவிட்டதும் அப்பா மூட்டைகளோடு தலையில் கை வைத்தார். அந்தச் சைக்கிளில் ஓடித் திரிந்தவன் சோபாவில் இருந்து திறந்த சந்தையைப் பற்றிப் பிரசங்கம் செய்வான். கணவரோ இங்கே வரும்வரை அதே தட்டுப்பாட்டில் கொழும்பில் பாண் ரொட்டிக்கு விடியப்புறம் வரிசையில் நின்றவர். அவர் அரசாங்கம்தான் எல்லாவற்றையும் வைத்திருக்கவேண்டும் என்பார். இதையும் ஒருநாள் சொன்னேன்.

"அது ஊர், அக்கா. இது வேறை" என்றான் தம்பி.

"அதுதானே" என்றார் கணவர்.

ஊர்க் கதை எங்கள் வீட்டில் எடுப்பதில்லை. அந்த நாட்களில் லண்டனில் எத்தனையோ வீடுகளில் எடுப்பதில்லை. எடுத்தால் யார் எந்தப் பக்கம் என்று வரும். வந்தால் அண்ணனும் தம்பியும்கூட அதற்குப் பிறகு கோயிலில் கண்டாலும் முகம் திருப்பிக்கொள்வார்கள். எனக்கு மேலே ஓர் அண்ணர், சண்டை நடந்துகொண்டிருந்த வன்னியில் இருந்தார். கீழே இந்தத் தம்பி. எங்களுக்குள் பேசாமல் விட்டது நிறைய இருந்தது. நிலக்கரியைப் பற்றி எவ்வளவு கத்தினாலும் யாரும் யாரையும் இழந்துபோவதில்லை என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாயிரத்து ஏழாம் வருடக் கோடையில் மகள் பெரியபிள்ளையானாள். தம்பியும் மச்சாளும் உழுந்துமா, நல்லெண்ணெய், முட்டை எல்லாம் கட்டிக்கொண்டு வந்தார்கள். தம்பிக்குக் கண் கலங்கியிருந்தது. "என்ரை மருமோளுக்கு நான் ஒரு குறையும் விடமாட்டன், அக்கா" என்றான். சடங்கை ஐப்பசியில், பள்ளிக்கூட விடுமுறையோடு வைக்கலாம் என்று பேசினோம். மண்டபம் எது, புகைப்படக்காரர் யார், மகளைப் பல்லக்கில் தூக்குவதா வேண்டாமா என்று நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மகள் மாடியில் இருந்து, பல்லக்கு என்றால் தான் வீட்டைவிட்டே போய்விடுவதாக ஆங்கிலத்தில் கத்தினாள். எல்லோரும் சிரித்தோம்.

பிறகு தம்பி வாயைத் திறந்தான். "நாள் பார்க்கேக்கை ரயில்காரர் ஸ்ட்ரைக் இல்லாத நாளாப் பாருங்கோ, அத்தான். போன முறை என்ரை கடைப் பெடியள் ஒருத்தரும் வரேல்லை, நான் தனிய நிண்டு முறிஞ்சனான். உங்கடை ஆக்களுக்கு வேலை செய்யாமல் சம்பளம் வேணும்."

அவ்வளவுதான். அங்கிருந்து எழுபதுகள், அங்கிருந்து குப்பை, அங்கிருந்து சுரங்கத் தொழிலாளர். ஒரு வருடம் பட்டினி கிடந்து வேலைநிறுத்தம் செய்தவர்களை அந்த மனுசி எப்படி அடக்கினார் என்று கணவர். அடக்கியது சரி என்று தம்பி. தமிழருக்கு விசா போட்டு வரவிடாமல் பார்த்ததும் அவர்தான் என்று கணவர். தான் மனிதனானது அவருடைய காலத்தில்தான் என்று தம்பி. மச்சாள் என்னைப் பார்த்தாள், நான் மச்சாளைப் பார்த்தேன். சுண்டல் ஆறிக்கொண்டிருந்தது.

"உன்னைப் போல கருங்காலியளாலைதான் அந்தச் சனம் தோத்தது" என்றார் கணவர்.

வேலைநிறுத்தத்தை உடைப்பவனுக்குத் தொழிற்சங்கக்காரர் சொல்லும் சொல் அது. அவர் அந்த அர்த்தத்தில்தான் சொன்னார் என்று நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் பண்ணுவேன். ஆனால் எங்கள் சனத்துக்குள் அந்த வருடங்களில் ஒருவரை ஒருவர் பார்த்துக் காட்டிக்கொடுப்பவன் என்ற ஓசை வரும் எதையும் சொல்லக்கூடாது. தம்பி எழும்பி ஜாக்கெட்டைப் போட்டான். கதவடியில் நின்று என்னிடம் மட்டும் சொன்னான்: "சடங்குக்கு வாறன், அக்கா. அத்தான் வீட்டை வந்து முறையாச் சொல்லட்டும், வாறன்."

எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். நெருங்கிய சொந்தத்துக்கு நல்ல காரியம் சொல்வதென்றால் புருஷனும் பெண்சாதியுமாக வீட்டுக்குப் போய், இருந்து, தேநீர் குடித்து, வாயால் சொல்லவேண்டும். அழைப்பிதழ் தபாலில் போனால் போதாது. தொலைபேசி காணவே காணாது. 'வீட்டை வந்து சொல்லேல்லை' என்ற ஒரே காரணத்துக்காகக் கூடப்பிறந்தவர்கள் கலியாணத்துக்கு வராமல் நின்றிருக்கிறார்கள். தம்பி அந்த முறையைப் பிடித்துக்கொண்டான். இல்லாவிட்டால் அவனுக்கு இந்த முறைகளில் ஒரு நம்பிக்கையும் இல்லை. எல்லாவற்றையும் சந்தை தீர்மானிக்கட்டும் என்பவன்தான் அவன்.

"நான் போகமாட்டன்" என்றார் கணவர். "அவன் அந்தத் தொழிலாளரைப் பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்கட்டும்."

"எந்தத் தொழிலாளர்? உங்களுக்கு அவையிலை ஒருத்தரையாவது தெரியுமே?"

"அது கொள்கை, இஞ்சரும்."

கொள்கை! எனக்கு வந்த கொதியில் கையில் இருந்த கரண்டியை அடுப்பில் எறிந்தேன். பெரியபிள்ளையின் தலையில் பால் அறுகு வைத்துத் தண்ணீர் வார்ப்பவன் தாய்மாமன். தேங்காய் உடைப்பவன் தாய்மாமன். எனக்கு இந்த நாட்டில் இருப்பது ஒரே ஒரு உடன்பிறப்பு. ஏதோ ஒரு வடக்கு இங்கிலாந்துக் கிராமத்தில் மூடிப்போன சுரங்கத்துக்காக என் மகளின் தலையில் தண்ணீர் வார்க்க ஆளில்லாமல் நிற்கவேண்டுமா?

"பாரிசிலை உம்மடை பெரியம்மாவின்ரை மோன் இருக்கிறார்தானே. அவரைக் கூப்பிட்டு வார்ப்பிப்பம். அவரும் மாமன் முறைதான்" என்றார் கணவர்.

"என்ரை தாய் வயித்திலை பிறந்தவன் டூட்டிங்கிலை உயிரோடை இருக்கேக்கை பாரிசிலை இருந்து மாமன் இறக்குறதோ?"

"இறக்குமதிக்கு நான் எதிர்தான்" என்றார் மனிதர், சிரிப்புக் காட்ட. நான் அன்றைக்கு அவருக்குச் சோறு போட்டேன், பேசவில்லை. அடுத்த நாளும் பேசவில்லை. மச்சாளோடு தொலைபேசியில் தூது நடத்தினேன். அங்கேயும் அதே கதைதான்; அவளும் கரண்டி எறிந்திருந்தாள். அழைப்பிதழ் அச்சாகி வந்தது. அதில் தாய்மாமன் பெயர் போடும் இடத்தில் தம்பியின் பெயர் இருந்தது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் கட்டோடு அலுமாரிக்குள் வைத்து மூடினேன்.

அப்படியே புரட்டாதி பிறந்தது. ஒரு நாள் காலையில் தொலைக்காட்சியில் ஒரு வங்கியின் கிளைகளுக்கு முன்னால் சனம் வளைந்து வளைந்து நிற்பதைக் காட்டினார்கள். வங்கி விழப்போகிறது, போட்ட பணம் வராது என்ற பயத்தில் வந்த சனம். தம்பியின் சேமிப்பும் வீட்டுக் கடனும் அந்த வங்கியில்தான். முன்பு அது உறுப்பினர்களுக்கே சொந்தமான வீட்டுக் கடன் சங்கமாக இருந்தது. அதை வங்கியாக்கிச் சந்தைக்கு விடுவோமா என்று உறுப்பினர்களிடம் கேட்டபோது, விடவேண்டாம் என்று கணவர் மூன்று ஞாயிறு மூச்சு வாங்கப் பேசினார். தம்பி விடு என்று வாக்குப் போட்டு, இலவசமாகக் கிடைத்த பங்குப் பத்திரத்தைக் கொண்டுவந்து எங்கள் மேசையில் பெருமையாக வைத்தான்.

மச்சாள் அழுதுகொண்டு தொலைபேசியில் அழைத்தாள். "விடியவே வங்கியடிக்குப் போயிட்டார். சாப்பிடவும் இல்லை."

கணவர் கேட்டுக்கொண்டிருந்தார். நான் எதிர்பார்த்தது ஒரு பிரசங்கம். அவர் எழும்பிப்போய் மேலங்கியைப் போட்டார். சுடுதண்ணிப் போத்தலில் தேநீரை ஊற்றினார். தோட்டத்துக் கொட்டிலில் இருந்த மடக்கு நாற்காலியை எடுத்தார். "கியூவிலை நிக்கிறது எப்பிடியெண்டு அவனுக்கு என்ன தெரியும்" என்றார். நானும் கூடவே ஓடினேன்.

தம்பி வங்கிக் கதவில் இருந்து வெகு தூரத்தில், வெள்ளைக்காரக் கிழவிகளுக்கு நடுவில், முகம் வாடி நின்றான். கணவர் நாற்காலியை விரித்து அவன் பக்கத்தில் வைத்தார். அவன் இருக்கவில்லை. தேநீரை வாங்கிக் குடித்தான். இருவரும் வாயைத் திறக்கக்கூடாது என்று நான் முருகனுக்கு நேர்த்தியே வைத்தேன்.

"அரசாங்கம் உந்த வங்கியைப் பொறுப்பெடுக்க வேணும், அத்தான்" என்றான் தம்பி. "சனத்தின்ரை காசு. இப்பிடிப் பார்த்துக்கொண்டு நிக்கேலுமே?"

"ஏன் எடுக்கவேணும்? சந்தையிலை விட்டது, சந்தையிலை போகட்டும். என்ரை வரிக் காசிலை உன்ரை வங்கியைத் தூக்கி விடுறதோ?"

எனக்குக் காதை நம்பமுடியவில்லை. இருபது வருடம் அரசுடைமை அரசுடைமை என்று என் வீட்டுச் சுவரை அதிர வைத்தவர் சந்தைக்கு விடு என்கிறார். அந்த மனுசியின் படத்துக்கு மாலை போடாத குறையாக இருந்தவன் அரசாங்கத்தைக் கூப்பிடுகிறான். அந்த இடத்தில் நின்று இரண்டு பேரையும் ஆளுக்கொரு அறை அறையலாம்போல இருந்தது. இவர்களுக்குச் சிவப்பும் இல்லை, நீலமும் இல்லை. எதிர்ப் பக்கம் என்று ஒன்று இருந்தால் போதும். முன்னால் நின்ற கிழவி திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

கொஞ்சம் கத்தி ஓய்ந்தபிறகு, கணவர் வங்கிக் கதவைப் பார்த்தபடியே சொன்னார்: "ஐப்பசியிலை பிள்ளைக்குச் சடங்கு. நீதான் தண்ணி வார்க்கவேணும்."

"கியூவிலை வைச்சோ சொல்லுறது? வீட்டை வந்து சொல்லுங்கோ எண்டனான்."

"உன்ரை வீடு ஆற்றை? உந்த வங்கியின்ரை. அப்ப நான் சரியான வாசலிலைதான் நிக்கிறன்."

தம்பி சிரிக்காமல் இருக்கப் பார்த்தான். முடியவில்லை. சிரித்த வேகத்தில் அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. "அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கக்கூடாது, மச்சான்" என்றார் கணவர், நாற்காலியை மடித்துக்கொண்டு. அவன் தலையை ஆட்டினான். பின்னேரம் டூட்டிங் வீட்டுக்கும் போய், இருந்து, தேநீர் குடித்து, வாயாலும் சொன்னோம். வங்கியில் போட்ட பணம் பாதுகாப்பு என்று இரண்டொரு நாளில் அரசாங்கம் அறிவித்தது.

சடங்கு நாள் காலையில் எங்கள் பின்தோட்டத்தில் குளிர் எலும்பைத் துளைத்தது. கேத்தில் கேத்திலாகத் தண்ணீர் கொதிக்க வைத்து வாளியில் கலந்தோம். மகள் பல் கிடுகிடுக்கப் பலகையில் இருந்து, "மாமா, சீக்கிரம்" என்றாள். தம்பி பாலும் அறுகும் வைத்தான். தேங்காயை ஒரே அடியில் உடைத்தான். முதல் செம்புத் தண்ணீரைத் தூக்கியவன், ஊற்றாமல் நின்றான்.

"இது அண்ணை வார்க்கிறது" என்றான். ஊற்றினான். பிறகுதான் தன்னுடையதை ஊற்றினான். கணவர் வேலிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் ஞாயிறு மதியம் மிச்சச் சாப்பாட்டுக்குத் தம்பியும் மச்சாளும் வந்தார்கள். அண்ணர் அந்த நேரத்துக்கு வன்னியில் ஒரு தொலைபேசி நிலையத்துக்கு வந்து நிற்பார் என்று முன்பே சொல்லி வைத்திருந்தது. மகள் சேலையோடு நின்று பெரிய மாமாவுடன் பேசவேண்டும் என்று மறுபடி கட்டியிருந்தாள். எடுத்தோம். மணி அடித்தது, அந்தப் பக்கம் எடுப்பார் இல்லை. மறுபடி எடுத்தோம். மூன்றாம் தரம் மணியே அடிக்கவில்லை. பதிவு செய்த ஒரு பெண்குரல், இணைப்பு இல்லை என்று சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் சொன்னது. தம்பி விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தான். கணவர் அவன் கையில் இருந்து தொலைபேசியை மெல்ல வாங்கி மேசையில் வைத்தார்.

பிறகு ஒருவரும் பேசவில்லை. தொலைக்காட்சியில் அந்த வங்கியைப் பற்றித்தான் போய்க்கொண்டிருந்தது. அரசாங்கம் வாங்குமா, விற்குமா என்று. வேறு நாளாக இருந்தால் இருவரும் பாய்ந்திருப்பார்கள். இப்போது இருவரும் கம்பளத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். மச்சாள் சேலைத் தலைப்பை முறுக்கினாள். மகள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். அண்ணருக்கு ஏதோ என்று எல்லோருக்கும் ஒரே நினைப்பு; அதைச் சொல்ல ஒருவருக்கும் வாய் இல்லை. இன்னும் ஒரு நிமிடம் இந்த வீடு இப்படி இருந்தால் நான் கத்திவிடுவேன் என்று தெரிந்தது.

"ஏன் தம்பி" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோல இருந்தது. "அந்த மூண்டு நாள் வேலைக்கிழமை, விளக்கு நூந்தது... அது சிவப்பின்ரை காலத்திலைதானே?"

தம்பி என்னை நிமிர்ந்து பார்த்தான். விடை எனக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியும்.

"ஓம் அக்கா" என்றான். "சிவப்புத்தான்."

"ஆரடா சொன்னது? நீலம்!" கணவர் மேசையில் ஓங்கித் தட்டினார், தொலைபேசி துள்ளியது. "நான் இஞ்சை இருந்தனான்!"

தம்பி குப்பைக் கதையைத் தொடங்கினான். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.